திருடிய பட்டியலும் திண்ணைத் தீர்ப்பும்



பிறர் மனையை விழைவது அறமன்று. இதில் எனக்கு எவரோடும் வழக்கில்லை. மனைவி அறியாமல் இன்னொருத்தியை நாடிய கணவனுக்கோ, கணவன் அறியாமல் இன்னொருவனை நாடிய மனைவிக்கோ வாதாட நான் வரவில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், இப்பொருள் பற்றி வாய் திறந்தாலே, "ஓகோ, நீங்களும் அவர்கள் கட்சியா?" என்று கண்ணைச் சிமிட்டுவோர் நம்மிடையே மிகுதி.

என் வழக்கு வேறு. அந்தக் கணவனின் மின்னஞ்சலையோ படத்தையோ பெயரையோ களவாடி ஊருக்குப் பரப்புகின்றவனைப் பற்றியது அது. அவன் பரப்பியதை வாங்கிப் படித்து, சிரித்து, நீதி நிலைநாட்டப்பட்டதாகச் சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவைக்கின்ற நம்மவர்களைப் பற்றியது.

அண்மையில் ஒரு பயிலரங்கு முடிந்து, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நான்கைந்து ஆசிரியர்கள் அமர்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, இணைய ஊடுருவிகள் கள்ள உறவுக்காரர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்ட பழைய கதைக்கு வந்தது. நண்பர் ஒருவர் சொன்னார்: "அதுவும் ஒருவகையில் சமுதாயத் தொண்டுதானே ஐயா? தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?" மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நண்பர் நன்னெறிக் கல்வி கற்பிப்பவர். நல்லவர். மாணவர்க்காகத் தம் கைப்பணத்தைச் செலவிடுபவர். அதனால்தான் அவர் சொன்னதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. தீயவர் சொல்லும் தவறான கருத்தால் பெரிய கேடு இல்லை. நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும்போதுதான் அது வகுப்பறைக்குள் நுழைகிறது.

அந்தப் பழைய கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பலர் பாதியளவே அறிந்திருக்கிறார்கள்.

கனடாவின் டொரொண்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் ஆஷ்லி மேடிசன் என்ற இணையத்தளத்தை நடத்தி வந்தது. திருமணமானவர்கள் திருட்டு உறவு தேடிக்கொள்வதற்கென்றே அமைந்த தளம். வாழ்க்கை குறுகியது, ஆகவே கள்ள உறவு கொள்ளுங்கள் என்பது அதன் விளம்பர முழக்கம்! அண்டை நாடான சிங்கப்பூர் 2013ஆம் ஆண்டிலேயே அத்தளத்தைத் தடை செய்தது. 2015 ஜூலையில், 'இம்பேக்ட் டீம்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஊடுருவிகள் அந்நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து, தளத்தை மூடாவிட்டால் உறுப்பினர் விவரங்களை எல்லாம் வெளியிடுவோம் என மிரட்டினார்கள். நிறுவனம் மூடவில்லை. ஆகஸ்டு 18ஆம் நாள் முதல் விவரங்கள் கொட்டப்பட்டன. ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் உறுப்பினர் இருப்பதாக அத்தளம் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர், மின்னஞ்சல், முகவரி, பணம் செலுத்திய விவரம், படுக்கையறை விருப்பங்கள் வரை அனைத்தும் வெளியே வந்தன. ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் அது பட்டியலில் உண்டா இல்லையா என்று காட்டும் தேடுபக்கங்கள் சில நாள்களிலேயே முளைத்தன. உலகமே ஒரு திண்ணையாயிற்று.

ஊடுருவிகள் ஒரு நியாயம் சொன்னார்கள். 19 டாலர் கட்டினால் உங்கள் விவரம் முற்றாக அழிக்கப்படும் என்று நிறுவனம் வாக்களித்ததாகவும், பணத்தை வாங்கிக்கொண்டு அழிக்காமல் வைத்திருந்ததாகவும், அந்த ஏமாற்றை அம்பலப்படுத்தவே இதைச் செய்ததாகவும் சொன்னார்கள். நிறுவனம் ஏமாற்றியது உண்மை. கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளின் தனியுரிமை ஆணையர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை, தளத்தின் முகப்பில் ஒட்டப்பட்டிருந்த பாதுகாப்பு விருது முத்திரையே போலியானது என்று கண்டறிந்தது. விற்பதே துரோகம் என்னும்போது முத்திரை மட்டும் உண்மையாக இருக்க வேண்டுமா என்ன!

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைக்காரன் வாடிக்கையாளரை ஏமாற்றினான் என்றால், தண்டிக்க வேண்டியது கடைக்காரனையா, வாடிக்கையாளரையா? விவரம் அழிக்கப்படவில்லையே என்று யாருக்காகக் குரல் கொடுத்தார்களோ, அவர்களுடைய விவரத்தையே அல்லவா தெருவில் போட்டார்கள்? 19 டாலர் கட்டி வெளியேறியவர்கள் யார்? தவறு என்று உணர்ந்து திரும்பியவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள் அல்லவா? நிறுவனத்தின் தலைமைச் செயலதிகாரி பதவி விலகினார். 2017இல் 1 கோடியே 12 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீட்டு உடன்பாட்டோடு பெருவழக்கு முடிந்தது. தளம் இன்றும் நடக்கிறது. அழிந்தவர்கள் வேறு ஆள்கள். வெளியீட்டுக்குப் பின் ஒரு வாரத்திற்குள், இரண்டு தற்கொலைகள் இதனோடு தொடர்புடையனவாக இருக்கலாம் எனத் தகவல் வந்திருப்பதாக டொரொண்டோ காவல்துறை அறிவித்தது. பட்டியலில் இருந்தவர்களுக்குப் பணம் கேட்டு மிரட்டல் கடிதங்கள் வந்தன. உன் மனைவிக்கு அனுப்பிவிடுவேன், பிட்காயினில் இவ்வளவு கட்டு என்று. சமுதாயத் தொண்டு இப்படித்தான் நடந்தது.

இன்னொரு செய்தி. அத்தளத்தில் சேர்வோரின் மின்னஞ்சல் முகவரி உண்மையில் அவருடையதுதானா என்று சரிபார்க்கும் வழக்கமே இல்லை. யார் வேண்டுமானாலும் யார் முகவரியையும் தட்டிச் சேரலாம். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் பெயரில்கூட ஒரு முகவரி அங்கே இருந்தது. அவர்தான் சேர்ந்தார் என்று எந்த அறிவாளியும் நம்பவில்லை. ஆனால் கிள்ளானில் வசிக்கும் ஒரு சாதாரண எழுத்தர் பெயரில் ஒரு முகவரி இருந்தால்? அவருக்கு அந்தச் சலுகை கிடைக்குமா? "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டு முடித்துவிடுவோம். மேலும், அங்கே பெண்கள் என்று காட்டப்பட்ட கணக்குகளுள் பல, நிறுவனமே உருவாக்கிய போலிகள். கணினி நிரலோடு கொஞ்சிப் பேசிப் பணத்தைத் தொலைத்த ஆண்கள் ஏராளம். அவர்கள் நெஞ்சில் கள்ளம் இருந்தது, மறுக்கவில்லை. நெஞ்சில் இருந்த கள்ளத்திற்கெல்லாம் முச்சந்தியில் தண்டனை என்றால், நம்மில் எத்தனை பேர் தலைநிமிர்ந்து நடப்போம் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

அது வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்ற உள்ளூர்த் தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. மலேசியக் கைத்தொலைபேசி எண்கள் 4 கோடியே 62 இலட்சம், அவற்றுக்குரியோரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கருவி எண் ஆகியவற்றோடு களவு போய் விலைக்கு வந்திருந்தன. மலேசிய மருத்துவ மன்றம் உள்ளிட்ட சில அமைப்புகளின் பதிவுகளும் அவற்றோடு இருந்தன. அப்போது நம் நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம். அதாவது, களவுபோன எண்கள் மக்களைவிட மிகுதி! இந்தப் பதிவைப் படிக்கின்ற உங்கள் எண்ணும் என் எண்ணும் அதில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நாளை எவனோ ஒருவன் உங்கள் பெயரையும் எண்ணையும் கொண்டு ஏதோ ஒரு தளத்தில் கணக்குத் திறக்கிறான். மறுநாள் அத்தளமும் உடைபடுகிறது. பட்டியலில் உங்கள் பெயர். "தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்ற என் நண்பரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. தரவு கசிந்தால் ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜூனில்தான் வந்தது. நம் வீட்டுக் கதவு உடைந்ததை நமக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஆவதற்கே இத்தனை ஆண்டுகள்.

இனி, பெயர் பெற்ற இரு நிகழ்வுகள். மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும்.

2007ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் மாநிலத்தில் டிவிடி வட்டுகள் சில பரவின. விடுதி அறை ஒன்றில் மறைவாக வைக்கப்பட்ட கருவியால் பதிவானவை. 2008 ஜனவரி முதல் நாள், அதில் இருப்பது தாமே என்று அப்போதைய சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக் ஒப்புக்கொண்டார். தம் மனைவி, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும் சொன்னார். மறுநாளே அமைச்சர் பதவி, லாபிஸ் நாடாளுமன்றத் தொகுதி, கட்சிப் பொறுப்பு அனைத்தையும் துறந்தார். அந்நாள்களில் நான் கேட்ட தேநீர்க் கடைப் பேச்சு எதிலும், "அந்த அறைக்குள் கருவியை வைத்தவன் யார்?" என்ற கேள்வி எழுந்ததாக நினைவில்லை. எல்லாரும் கேட்டது, "வட்டு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். பின்னர் அவர் அரசியலுக்குத் திரும்பி, 2010 மார்ச்சில் மலேசிய சீனர் சங்கத்தின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய மனிதர் மீண்டெழ வழி இருந்தது. அந்த அறையில் இருந்த பெண் எவ்வாறு மீண்டார்? அதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. இனிக் கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய நன்மை.

அதே 2008 ஜனவரியில், ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து படங்கள் கசிந்து, அவை நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் கைத்தொலைபேசி வரை வந்து சேர்ந்தன. அப்படங்களை எடுத்த கடைப் பணியாளருக்கு 2009இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பகிர்ந்த இலட்சக்கணக்கானோருக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது நம் சிலாங்கூரில் நடந்தது. 2009 பிப்ரவரியில், புக்கிட் லஞ்சான் சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான எலிசபெத் வோங், தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது அவர் அறியாமல் எடுக்கப்பட்ட படங்கள் பரவின. அவர் மணமாகாதவர். யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆயினும் பதவி விலக முன்வந்தவர் அவர்தான்! படத்தை எடுத்துப் பரப்பியவன் எந்தப் பதவியையும் இழக்கவில்லை. அவருடைய விலகல் ஏற்கப்படவில்லை என்பதும், 2013, 2018 ஆகிய இரு தேர்தல்களிலும் அதே தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர் என்பதும் மனத்திற்கு ஆறுதல். கிள்ளான் பள்ளத்தாக்கு வாக்காளர்கள் பத்திரிகைகளைவிடப் பண்பட்டவர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இவ்விரு நிகழ்வுகளையும் ஏன் அடுத்தடுத்து வைக்கிறேன் என்றால், பரப்பும் கைக்கு இரண்டும் ஒன்றே. துரோகம் செய்தவரா, செய்யாதவரா என்று அது பார்ப்பதில்லை. துரோகிகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தண்டிக்கும் களவு என்று ஒன்று உலகில் கிடையாது. ஒன்றை ஆதரித்தால் மற்றதையும் ஆதரித்தாக வேண்டும்.

நம் முன்னோர் இவ்விடயத்தில் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாமா? வள்ளுவத்தை மேற்கோள் காட்டித் தீர்ப்புச் சொல்வோர் பதினைந்தாம் அதிகாரமாகிய பிறனில் விழையாமையோடு நின்றுவிடுகின்றனர். இன்னும் நான்கு அதிகாரம் தள்ளிப் பத்தொன்பதாவதற்குப் போனால் புறங்கூறாமை இருக்கிறது. இரண்டும் இல்லறவியலில்தான் உள்ளன. இல்லறத்தானுக்கு இரண்டும் சமமான கடமை என்றுதானே பொருள்? ஒற்றாடல் என்றும் ஓர் அதிகாரம் உண்டு. அது எங்கே இருக்கிறது? பொருட்பாலில், அரசியலில். வேவு பார்ப்பது அரசனின் தொழில். அண்டை வீட்டுக்காரரின் தொழிலன்று.

அதனினும் வியப்பு, அகப்பொருள் மரபு. அகத்திணையில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. மருதத்திணை முழுவதும் பரத்தையரிடம் சென்று திரும்பும் தலைவனைப் பற்றியதுதான். துரோகத்தை நம் புலவர்கள் மறைக்கவில்லை; மனைவியின் சினத்தையும் தோழியின் ஏச்சையும் தயங்காமல் பாடினார்கள். பெயரைத்தான் மறைத்தார்கள். இந்த விதியை எவ்வளவு நுட்பமாகக் காத்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. அந்தப் பாட்டில் பாண்டியனின் பெயர் எங்குமே இல்லை. வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறதே! அதனாலேயே அதனை அகம் என்று கொள்ளாமல் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பிலை! இன்று அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் சேர்த்தே அனுப்புகிறோம்.

பெயர் வெளிப்பட்ட ஒரு துரோகமும் நம் இலக்கியத்தில் உண்டு. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். (கோவலன் மனைவி அல்லள், இவள் வேறு கண்ணகி.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அதைப் பற்றிப் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. அவற்றைப் படித்துப் பாருங்கள். நால்வரும் பேசுவது பேகனிடம்! ஊரிடம் அன்று. பரிசில் வேண்டி வந்த பரணர், தமக்குப் பசியும் இல்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். மன்னன் முகத்துக்கு நேரே, தன் வாழ்வாதாரத்தைப் பணயம் வைத்துச் சொன்ன சொல் அது. அந்த இன்னொருத்தியின் பெயரை ஒரு புலவரும் சொல்லவில்லை. இதுதான் துணிவு. தன் பெயரை மறைத்துக்கொண்டு மூன்று கோடிப் பேரின் பெயரை வெளியிடுவது துணிவாகுமா?

எதிர்வாதங்கள் இரண்டு எனக்கு மதிப்புக்குரியன. அவற்றை மழுப்ப மாட்டேன்.

முதலாவது, ஊருக்கு ஒழுக்கம் போதிப்பவனின் இரட்டை வேடம். ஆஷ்லி மேடிசன் பட்டியலில் சிக்கியவர்களுள் ஒருவர், குடும்ப விழுமியங்களுக்காகப் பரப்புரை செய்துவந்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரமுகர் ஜோஷ் டகர். அவரும் மனைவிக்குத் துரோகம் செய்ததை ஒப்புக்கொண்டார். பிறர் படுக்கையறைக்குச் சட்டம் எழுதப் புறப்பட்டவரின் படுக்கையறை கேள்விக்குள்ளாவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். அதுபோலவே, அமைச்சரின் கள்ள உறவுக்கு அரசுப் பணம் செலவானால், பதவி பரிசாகக் கொடுக்கப்பட்டால், அது நம் பணம், நம் பதவி. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு வேடதாரியைப் பிடிக்க மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோரின் கூரையைப் பிரிப்பதா? எலி ஒன்றுக்காக வீட்டைக் கொளுத்துவதை யாரும் வேட்டை என்று சொல்வதில்லை.

இரண்டாவது வாதம் கடுமையானது. மனைவிக்கு அறியும் உரிமை இல்லையா? உண்டு. ஐயமே இல்லை. அவள் உடல்நலம், அவள் சேமிப்பு, அவள் எஞ்சிய வாழ்நாள் எல்லாம் அதனோடு பின்னியிருக்கின்றன. மறைத்துவைக்கும் ஊர்ப் பெரியவர்கள் மீது எனக்குப் பெருஞ்சினம் உண்டு. "குடும்ப மானம்" என்று சொல்லி எத்தனை பெண்களை இருட்டில் வைத்திருக்கிறோம்! ஆகவே, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், அவளுக்கு நீங்கள் நெருங்கியவரானால், அவளிடம் போய்ச் சொல்லுங்கள். நேரில், தனியே, உங்கள் பெயரோடு சொல்லுங்கள். அவள் அழும்போது உடனிருங்கள். அறியும் உரிமை அவளுக்கு உரியது. அவளுடைய பக்கத்து வீட்டாருக்கும், அவள் பிள்ளையின் வகுப்புத் தோழியின் தாய்க்கும் உரியதன்று. எல்லாரும் அறிந்த பின் கடைசியாக அவள் அறிவதைவிடக் கொடிய துரோகம் உண்டா? கணவன் செய்தது ஒன்று. ஊர் செய்தது இன்னொன்று. முன்னதை அவள் மன்னிக்கலாம், மறக்கலாம், மணமுறிவு கோரலாம். ஊரை அவள் எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவாள்?

நீதிமன்றம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மணமான பெண்ணை மயக்கி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2023 டிசம்பரில் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவன் மட்டுமே அதன்கீழ் முறையிட முடியும்; மனைவிக்கு அந்த உரிமை இல்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கண்ட பழங்காலச் சட்டம் அது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018இலேயே 497ஆம் பிரிவை நீக்கிவிட்டது. தனிமனித உரிமை என்பதனுள் அந்தரங்கமும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சட்டம் படுக்கையறையிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும் காலத்தில் நாம் திறன்பேசியோடு உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறோம்.

கிள்ளானில் ஒருவர் திருட்டு மோட்டார் சைக்கிளைத் தெரிந்தே மலிவு விலைக்கு வாங்கினால் அவர்மேலும் குற்றம் உண்டு. அதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். திருட்டுப் படத்தையும் திருட்டு உரையாடலையும் இலவசமாக வாங்கி மறுபடி அனுப்பினால் மட்டும் அது பொழுதுபோக்கா?

இப்போது பள்ளிக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியதே இதற்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், ஒரு மாணவி. எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதமாட்டேன். வேப்பிலை ஒன்றே போதும் என்று மேலே சொன்னேன். அவளுடைய தந்தையின் திறன்பேசியிலிருந்து எப்படியோ வெளியேறிய ஓர் உரையாடல், படங்களோடு, பெற்றோர்களின் புலனக் குழு ஒன்றில் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு. திங்கட்கிழமை காலை ஒன்றுகூடலில் அவள் வரிசையில் நின்றபோது, அவளுக்கு முன்னும் பின்னும் இருந்த பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில், பக்கத்து வகுப்புச் சிறுவன் ஒருவன் அவள் தந்தை அந்தப் பெண்ணுக்கு எழுதிய ஒரு செல்லப்பெயரைச் சொல்லி அவளை அழைத்தான். ஏன் அப்படி அழைக்கிறான் என்று அவள் என்னிடம் வந்து கேட்டாள். பத்தே வயது நிரம்பியவள். தன் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் உணவுத் தட்டோடு நின்றுகொண்டு அறிந்தாள். இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தாய் வந்தார். அலுவலகத்தில் தலைநிமிராமல் கையொப்பமிட்டார். குற்றவாளி என்ற எண்ணம் எவர் முகத்தில் எழுதியிருந்தது தெரியுமா? அவர் முகத்தில்!

அந்தச் சிறுவனை நான் கண்டித்தேன். ஆனால் அவனுக்குக் கற்பித்தது யார்? குழுவில் அந்தப் படங்களுக்குக் கீழே சிரிப்புக் குறிகளை இட்டவர்கள் யார்? 2025 ஜூலையில் அமெரிக்காவில் கோல்ட்பிளே இசைநிகழ்ச்சியின் திரையில் ஓர் இணை தோன்றி ஒளிந்துகொண்ட காட்சி உலகெங்கும் ஓடியபோது, நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வு நேரத்தில் அதை நடித்துக் காட்டினார்கள். ஒருவன் படம்பிடிப்பவன், இருவர் பிடிபடுபவர்கள், மற்றவர்கள் கைகொட்டும் கூட்டம். பெரியவர்களின் விளையாட்டை எவ்வளவு விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்!

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மாணவர் தரவுத்தளத்தில் பெற்றோரின் வேலை, வருமானம், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் நம் கையால் பதியப்படுகின்றன. 2018 ஜூனில், கல்வி அமைச்சின் தேர்வு மதிப்பெண் தளத்தில் மாணவர், பெற்றோர் விவரங்கள் வெளியே தெரியும்படி பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளிவந்து, அமைச்சு அதனைத் தற்காலிகமாக மூடியது. அது கணினியில் இருந்த ஓட்டை. நம் ஆசிரியர் அறையில் இருக்கும் ஓட்டை எப்போது மூடப்படும்? உதவித்தொகைப் பாரத்தில் "தந்தை உடனில்லை" என்று ஒரு தாய் எழுதித் தருகிறார். மணமுறிவு ஆணையின் நகலை மடித்து உறையில் வைத்துத் தருகிறார். நம்மை நம்பித் தருகிறார். மதியத்திற்குள் அது ஐந்து மேசைகளைச் சுற்றிவிடுகிறது. இதற்கு ஊடுருவி எதற்கு? கடவுச்சொல் எதற்கு?

வருகின்ற பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவர எண்ணியுள்ளேன். பள்ளியின் பெயரைத் தாங்கிய எந்தப் புலனக் குழுவிலும் ஒரு குடும்பத்தின் தனிவாழ்க்கை பற்றிய படமோ உரையாடலோ பதிவானால், பொறுப்பாளர் அதனை உடனே நீக்க வேண்டும். அனுப்பியவர் அக்குழுவில் தொடரக்கூடாது. மாணவர் கோப்புகள் உள்ள அலமாரியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். எடுத்தவர் பெயரும் நேரமும் ஏட்டில் எழுதப்பட வேண்டும். குடும்பச் சிக்கலில் உள்ள பெற்றோர் பேச விரும்பினால் அலுவலக முகப்பில் நிற்க வைக்காமல், கதவுள்ள ஓர் அறையில் அமர்த்த வேண்டும். மூன்றாவதற்கு ஓர் அறையும் இரண்டு நாற்காலிகளும் போதும். செலவுக்கு நன்கொடை கேட்க மாட்டேன். "தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்போர் அக்கூட்டத்திற்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்து எதிர்த்துப் பேசுங்கள். பேசுவதற்கு முன், உங்கள் திறன்பேசியைத் திறந்த நிலையில் மேசைமேல் வைத்துவிட்டு ஒலிவாங்கிக்கு வாருங்கள்.